பழைய வேனில் கூலன்ட் லைட்: எரிந்தால் நம்பலாம், எரியாவிட்டால்?

இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் மிஞ்சிச் சூடானாலோ குறைந்தாலோ டேஷ்போர்டில் எரிய வேண்டிய சிவப்பு விளக்குதான் கூலன்ட் லைட். பதினைந்து, இருபது வருடம் ஓடிய வேனில் அது இரண்டு விதமாக ஏமாற்றும். தண்ணீர் நிறைந்திருக்கும்போதே எரிந்து பயமுறுத்தும். அல்லது ரேடியேட்டர் காய்ந்து கிடக்கும்போது எரியாமலே இருந்துவிடும். முதலாவதில் வீணாவது அரை மணி நேரம். இரண்டாவதில் போவது இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட். ஆனாலும் பல ஓட்டுநர்களுக்குக் கோபம் வருவது முதலாவதன் மேல்தான். "சும்மா சும்மா எரியுது" என்று ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறார்கள்.

ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. எரியும் லைட்டை நம்பலாமா? பொய் என்று சோதித்து அறியும் வரை நம்பித்தான் ஆக வேண்டும். எரியாத லைட்டை நம்பலாமா? பழைய வேனில் கூடாது. அதனால் எடுக்க வேண்டிய முடிவு, அந்த ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்பதுதான்: கம்பெனி லைட்டையே சரிசெய்து வைத்துக்கொள்வதா, தனியாக டெம்பரேச்சர் மீட்டர் மாட்டுவதா, ஹெட்டின் உலோகத்திலேயே சென்சார் வைப்பதா, தண்ணீர் மட்டத்துக்கு அலாரம் போடுவதா.

லைட் எதைப் பார்க்கிறது?

சிவப்பு லைட் ஒன்றுதான். அதன் பின்னால் இருக்கும் ஏற்பாடு வேனுக்கு வேன் மாறும். மிகப் பழையது ஒற்றை ஒயர் வெப்ப சுவிட்ச். தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டின் ஹவுசிங் பக்கத்தில் திருகப்பட்டிருக்கும். தண்ணீரின் சூடு ஏறக்குறைய 110 முதல் 120 டிகிரிக்குள் வரும்போது உள்ளே கான்டாக்ட் சேர்ந்து, இன்ஜின் பாடி வழியாக எர்த் கிடைத்து லைட் எரியும். அதற்கு முந்தைய 109 டிகிரி வரை அது வாய் திறக்காது.

இரண்டாவது, முள் மீட்டரும் அதனோடு ஒரு லைட்டும். இதில் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் சென்சார். சுவிட்சைவிட மேல்தான், ஆனால் 2000-க்குப் பிறகு வந்த பல வண்டிகளில் ஒரு சூது உண்டு. முள் ஆடினால் வாடிக்கையாளர் பயப்படுகிறார் என்பதற்காக, ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 105 வரைக்கும் முள் நடுவிலேயே நிற்கும்படி மீட்டரை அமைத்துவிட்டார்கள். முள் நடுவைத் தாண்டி நகர ஆரம்பித்தால் நிலைமை ஏற்கெனவே முற்றிவிட்டது என்று பொருள்.

மூன்றாவதுதான் உண்மையான கூலன்ட் மட்ட லைட். டேங்கில் ஒரு மிதவையும் காந்த சுவிட்சும் இருக்கும். அல்லது இரண்டு உலோகக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றுக்கு இடையே தண்ணீர் வழியாக மின்சாரம் பாய்கிறதா என்று ஒரு சின்ன ரிலே பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த மூன்றாவது வகைக்குப் பேர்போன உதாரணம் ஃபோக்ஸ்வாகனின், தண்ணீரால் குளிரும் இன்ஜின் வைத்த டி3 வேன். இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவே வண்டியின் நீளத்துக்கு ஓடும் தண்ணீர்ப் பைப்புகள். டெம்பரேச்சர் மீட்டருக்குள் ஒரே ஒரு சிவப்பு லைட். சாவி போட்டதும் சில விநாடி மின்னி அணைந்தால் நலம். ஓடும்போது மின்னினால் சூடு மிஞ்சியதாகவும் இருக்கலாம், டேங்கில் மட்டம் இறங்கியதாகவும் இருக்கலாம். முள் கீழே இருக்கும்போது மின்னினால் மட்டம். முள் மேலே ஏறி மின்னினால் சூடு. குச்சி சென்சார் அரித்துப்போய், தண்ணீர் நிறைந்திருக்கும்போதே மின்னுவது அந்த வேனில் சகஜம். அதை நிறுத்த ரிலேயைக் கழற்றி எறிபவர்கள் மட்டத்தைப் பார்க்கும் ஒரே கண்ணையும் குருடாக்கிக்கொள்கிறார்கள்.

எரியாமல் போவது ஏன்?

"மீட்டர் நடுவுலதானே இருந்துச்சு, எப்படிங்க சீஸ் ஆச்சு?" ஒர்க்‌ஷாப்பில் இந்தக் கேள்வி அடிக்கடி விழும். பதில் எளிது. வெப்ப சென்சாரின் முனை தண்ணீருக்குள் மூழ்கி இருந்தால்தான் அதற்குச் சூடு தெரியும். ஹோஸ் வெடித்து ஒரே நிமிடத்தில் தண்ணீர் இறங்கிவிட்டால், சென்சாரைச் சுற்றி மிஞ்சுவது காற்றும் கொஞ்சம் ஆவியும். காற்று, தண்ணீரைப் போல வெப்பத்தைக் கடத்தாது. ஹெட் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும். முள் நடுவிலேயே நிற்கும், சில வண்டிகளில் கீழேகூட இறங்கும். ஓட்டுநரும் "குளிர்ந்துவிட்டது" என்று எண்ணி இன்னும் இரண்டு கிலோமீட்டர் போவார். அலுமினிய ஹெட் வளைவதற்கு அது தாராளம். இரும்பு ஹெட் சற்றுத் தாங்கும், ஆனால் வெடிப்பு விழுந்தால் அதுவும் குப்பைக்குத்தான்.

இன்னொரு காரணத்தை யாரும் கவனிப்பதில்லை: ரேடியேட்டர் மூடி. மூடியில் 0.9 என்று எழுதியிருந்தால், உள்ளே 0.9 பார் அழுத்தம் வரை அது பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 118 டிகிரி ஆக வேண்டும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி மேலே. வெப்ப சுவிட்சை 115-க்கு வைத்த இன்ஜினியர் இந்தக் கணக்கை நம்பித்தான் வைத்தார். மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காமல் போனால், தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து ரிசர்வ் பாட்டில் வழியாக ரோட்டுக்குப் போய்விடும். 115 வரைக்கும் சூடாக அங்கே தண்ணீரே இருக்காது, லைட்டும் எரியாது.

மலையில் இது இன்னும் மோசம். ஊட்டியின் உயரம் சுமார் 2240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் திறப்பதே 82 முதல் 88-க்குள். மூடி செத்த வண்டியில் தெர்மோஸ்டாட் திறப்பதற்கும் தண்ணீர் கொதிப்பதற்கும் நடுவே ஐந்து, பத்து டிகிரி இடைவெளிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரில் ஏறும் வேனுக்கு அந்த இடைவெளியைத் தாண்டுவது ஒரு பொருட்டே இல்லை.

போர் தண்ணீரும் தன் பங்கைச் செய்யும். உப்புத் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டியில் சென்சாரைக் கழற்றிப் பாருங்கள். முனையில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு ஏறியிருக்கும். அந்தப் படிவு சூட்டைத் தாமதமாகக் கடத்தும். மட்டக் குச்சிகளில் படிவு ஏறினால் டேங்க் நிறைந்திருந்தும் லைட் எரியும். லீக் அடைக்கும் பவுடரும் துருச் சேறும் இரண்டு குச்சிகளுக்கு நடுவே பாலம் கட்டினால் டேங்க் காலியானாலும் எரியாது.

முதல் வழி: இருப்பதைச் சரிசெய்வது

செலவு மிகக் குறைவு. எந்த வழிக்குப் போனாலும் இதைச் செய்யாமல் போகக் கூடாது.

சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எல்லா லைட்டும் எரியும்போது கூலன்ட் லைட்டும் சில விநாடி எரிகிறதா? இது பல்பைத்தான் சோதிக்கும். சென்சாரையோ ஒயரையோ சோதிக்காது. சில பழைய வண்டிகளில் இந்தச் சோதனையே கிடையாது. செகண்ட் ஹேண்ட் வேன் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: ஸ்டார்ட் ஆனதும் ஆயில் லைட்டும் கூலன்ட் லைட்டும் ஒரே இமைப்பில் சேர்ந்து அணைந்தால், இரண்டையும் ஒரே ஒயரில் முடிச்சுப் போட்டிருக்கிறார்களா என்று மீட்டர் போர்டின் பின்னால் பார்க்க வேண்டும்.

அடுத்து ஒயர். ஒற்றை ஒயர் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, சாவி ஆனில் இருக்க, ஒயரின் முனையை இன்ஜின் உலோகத்தில் தொடுங்கள். லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்ப், ஃபியூஸ், ஒயர் மூன்றில் ஒன்று போயிருக்கிறது. முள் மீட்டரின் ஒற்றை ஒயர் என்றால் தொட்டவுடன் முள் மேலே ஓடும்; ஒரு விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், மீட்டர் சுருள் கருகும். இரண்டு ஒயர் உள்ள சென்சார் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு உரியதாக இருக்கலாம். அதில் இந்த வேலையே கூடாது.

சென்சாரைத் தனியாகச் சோதிக்க மல்டிமீட்டரும் ஒரு பாத்திரம் வெந்நீரும் போதும். சாதாரணத் தண்ணீரில் ஓம் அளவைக் குறித்துக்கொண்டு, வெந்நீரில் நனையுங்கள். அளவு சீராக இறங்கி, அறைச் சூட்டில் இருந்ததில் ஒரு சிறு பங்காக வேண்டும். நடுவில் திடீரென்று தாவினால் மாற்றிவிடுங்கள். விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். மாட்டும்போது டெஃப்லான் டேப்பை மாலை போலச் சுற்றாதீர்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் வருகிறது.

டெம்பரேச்சர் முள்ளும் டீசல் முள்ளும் சேர்ந்தே அதிகம் காட்டினால் சென்சாரைத் திட்ட வேண்டாம். பழைய மீட்டர் போர்டுகளில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உண்டு; சுமார் 10 வோல்ட் கொடுக்கும். அது போனாலோ போர்டின் எர்த் தளர்ந்தாலோ இரண்டு முள்ளும் சேர்ந்துதான் பொய் சொல்லும்.

மட்ட சென்சார் இருந்தால் இன்ஜின் குளிர்ந்த பிறகு டேங்க்கில் ஊசிக்குழாயால் தண்ணீரை எடுத்து மினிமம் கோட்டுக்குக் கீழே இறக்குங்கள். சாவி ஆனில் ஒரு நிமிடம் பொறுங்கள். சில வண்டிகளில், வளைவில் தண்ணீர் அலம்புவதற்காகவே தாமதம் வைத்திருப்பார்கள். எரியாவிட்டால் சென்சாரைக் கழற்றிக் கழுவிப் பார்த்து, பிறகு மாற்றலாம்.

இத்தனையும் செய்த பிறகு கிடைப்பது வண்டி புதிதாக இருந்தபோது இருந்த லைட். அதன் பிறவிக் குறை, அதாவது காய்ந்த இன்ஜினில் சூடு தெரியாத குறை, அப்படியே இருக்கும்.

இரண்டாவது: தனி டெம்பரேச்சர் மீட்டர்

எண் போட்ட மீட்டரின் பெரிய லாபம் போக்கு தெரிவது. தினம் 88-ல் நிற்கும் முள் இன்று அதே ரோட்டில் 96-க்கு வந்தால், பெல்ட் தளர்ந்ததோ ரேடியேட்டர் அடைத்ததோ, லைட் எரிவதற்குப் பல நாள் முன்பே தெரிந்துவிடும்.

மின்சாரம் வேண்டாத மெக்கானிக்கல் மீட்டர் நம்பகமானது. ஆனால் அதன் மெல்லிய செம்புக் குழாயை வெட்டவோ ஒட்டவோ முடியாது. நசுங்கினால் மீட்டரே போச்சு. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இன்ஜின் உள்ள ஓம்னி மாதிரி வண்டிகளுக்குக் குழாய் எட்டும், பின்புற இன்ஜினுக்கு எட்டாது. எலக்ட்ரிக் மீட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. மேல் ஹோஸை வெட்டி நடுவில் அடாப்டர் போட்டு சென்சார் மாட்டுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் அடாப்டருக்கு எர்த் கிடையாது. அதிலிருந்து இன்ஜின் பாடிக்குத் தனி எர்த் ஒயர் இழுக்காவிட்டால் மீட்டர் செத்த மாதிரி கிடக்கும். ஹோஸின் உள் விட்டத்தை அளந்துவிட்டு அடாப்டர் வாங்குங்கள். 28 மி.மீ.க்கும் 32 மி.மீ.க்கும் நடுவே கிளாம்ப்பை இறுக்கிச் சமாளிக்க முயன்றால் அதுவே புது லீக்.

பிஎஸ்4 புகை விதிக் காலத்து வேன்களில், இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கான ஓபிடி சாக்கெட்டில் புளூடூத் கருவி செருகி போனிலேயே டிகிரி பார்க்கலாம். கம்ப்யூட்டர் பார்க்கும் அதே சென்சாரின் எண்தான் அது. டேஷ்போர்டு முள் மறைப்பதை அது மறைக்காது. ஆனால் இந்த வழியில் எதை மாட்டினாலும் தண்ணீர் போனால் குருடு என்ற குறை தீராது.

மூன்றாவது: ஹெட்டின் உலோகத்தில் சென்சார்

அந்தக் குறைக்கு நேரான பதில் இதுதான். வளைய முனை கொண்ட கே வகை தெர்மோகப்பிள் (உலோகத்தின் சூட்டை அளக்கும் ஒயர் சென்சார்), 12 வோல்ட் டிஸ்ப்ளே, அலாரம் ரிலே, ஒரு பஸ்ஸர். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹெட்டின் உலோகம் சுடுவதை அது சொல்லும். ஹோஸ் வெடித்தால் எண் விநாடிக்கு விநாடி ஏறுவது தெரியும்.

வளையத்தை ஹெட் போல்ட்டின் அடியில் வைக்கவே கூடாது. போல்ட்டை இறுக்கும் டார்க் கணக்கு கெட்டு, ஹெட்டுக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட் ஊதும். ஹெட்டில் திருகியிருக்கும் வேறு சிறு போல்ட், பிராக்கெட் போல்ட் போன்றவை தகும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே வைத்தால் அதன் அனலைத்தான் அளக்கும். ஒயரை சைலன்சரைத் தொடாமல் கொண்டுபோய், சாவி ஆனால் மட்டும் கரன்ட் வரும் இடத்தில் 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸோடு இணையுங்கள். மீன் தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் விற்கும் மலிவான டிஸ்ப்ளேக்கள் வேண்டாம். பலவற்றின் அளவு 110 டிகிரியோடு முடிந்துவிடும்.

அலாரத்தை எந்த எண்ணில் வைப்பது என்பதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை, வைத்த இடத்தைப் பொறுத்தது. ஒரு வாரம் ஆள் ஏற்றி, ஏசி போட்டு, மேட்டில் ஏறிப் பார்த்து, வந்த அதிகபட்சத்தோடு 10 சேர்த்து வையுங்கள். நெருக்கி வைத்தால் அடிக்கடி கத்தும். அடிக்கடி கத்தினால் ஓட்டுநர் ஒயரைப் பிடுங்குவார். திரும்ப ஆரம்பத்துக்கே வந்துவிடுவோம்.

நான்காவது: தண்ணீர் மட்ட அலாரம்

சூடு ஏறும் முன்பே எச்சரிப்பது இது ஒன்றுதான். ஹெட் கேஸ்கட் லேசாக ஊதிய வண்டியில் சிலிண்டரின் கேஸ் தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து தண்ணீரை மெல்ல வெளியே தள்ளும். பல நாள் வரை சூடு ஏறாது, மட்டம் மட்டும் இறங்கும்.

ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய வேன்களில் மூடி ரேடியேட்டர் மேலேயே இருக்கும், பக்கத்தில் அழுத்தம் இல்லாத ரிசர்வ் பாட்டில். இன்ஜின் குளிரும்போது பாட்டிலில் இருந்து தண்ணீர் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். நடுவில் உள்ள சின்ன டியூப் வெடித்திருந்தாலோ மூடியின் வேக்குவம் வால்வு ஒட்டிக்கொண்டாலோ உறிஞ்சாது. ரேடியேட்டர் காலி, பாட்டில் ஃபுல். அந்தப் பாட்டிலில் அலாரம் மாட்டுவது பக்கத்து வீட்டுத் தொட்டியைப் பார்த்து நம் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வது போல. அழுத்தத்தோடு வேலை செய்யும் எக்ஸ்பான்ஷன் டேங்க், அதாவது மூடியே டேங்க்கின் மேல் இருக்கும் வண்டிகளில் மட்டும் டேங்க்கில் வைக்கலாம். மற்றவற்றில் ரேடியேட்டரின் மேல் தொட்டியிலோ மேல் ஹோஸிலோதான். பித்தளை ரேடியேட்டர் என்றால் ரேடியேட்டர் பட்டறையில் ஒரு நட்டை ஈயம் வைத்து ஒட்டித் தருவார்கள். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் துளை போடாதீர்கள், விரிசல் விடும். ஹோஸ் அடாப்டருக்குப் போங்கள்.

ஐந்து, பத்து விநாடி தாமதம் உள்ள சர்க்யூட்டாக வாங்குங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றினால் குச்சி வகை சென்சாருக்கு மின்சாரம் சரியாகக் கடத்தாமல் பொய் அலாரம் வரலாம். கூலன்ட் கலந்த தண்ணீரில் அந்தப் பிரச்சினை இல்லை.

எரிந்துவிட்டால்

முடிந்தவரை சீக்கிரம் ஓரம் கட்டி ஏசியை அணைக்கவும். ஆவி பறந்தாலோ, சீட்டுக்கு அடியில் இனிப்பு கலந்த கூலன்ட் வாடை வந்தாலோ, தரையில் தண்ணீர் ஒழுகினாலோ உடனே இன்ஜினை நிறுத்துங்கள். மேட்டில் ஏறியதால் வந்த சூடு மட்டும்தான், தண்ணீர் எங்கும் போகவில்லை என்று தெரிந்தால், சற்றுக் கூடுதல் ஐடிலில் இரண்டு நிமிடம் ஓட விடலாம். ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஹீட்டர் பைப்பை அடைக்காமல் வைத்திருக்கும் வண்டியில் ஹீட்டரை முழுதாகத் திறப்பதும் உதவும்.

மூடியை முக்கால் மணி நேரம் தொடாதீர்கள். பிறகு ஈரத்துணியை மடித்து வைத்து முதல் பள்ளம் வரை மட்டும் திருப்பி, அழுத்தம் இறங்கியபின் கழற்றுங்கள். காய்ந்த சூடான இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழும். கை வைக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக.

எந்த வேனுக்கு எது?

மலை டூரிஸ்ட் ஓட்டம் என்றால் மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தே வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் உலோக சென்சார். ஏற்றத்தில் ஹோஸ் வெடிப்பதிலிருந்து ஹெட் வளைவது வரை கிடைக்கும் நேரம் மிகக் குறைவு, அதற்குள் ஹெட் சுடுவதை நேராகக் காட்டுவது அது ஒன்றுதான். ஊருக்குள் நின்று நின்று போகும் பள்ளி வேனுக்கு ஃபேன் கோளாறுதான் முதல் எதிரி. எண் போட்ட டெம்பரேச்சர் மீட்டர் அதற்குப் பொருத்தம். பல ஓட்டுநர்கள் கைமாறி ஓட்டும் வண்டிக்கு மீட்டரால் பயன் இல்லை, யாரும் பார்க்க மாட்டார்கள். சத்தமாகக் கத்தும் பஸ்ஸரே சரி. வாரம் ஒரு முறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும் வீட்டு வேனுக்கு, சோதித்துச் சரிசெய்த கம்பெனி லைட்டும், கிளம்பும் முன் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து நேரில் பார்ப்பதும் போதும். பாட்டிலைப் பார்ப்பது போதாது.

பணம் சில நூறுக்கு மேல் இல்லை என்றால் அதை சென்சாரில் போடாமல் புது மூடியில் போடுங்கள். பழைய மூடியில் இருந்த அதே எண் உள்ளதாக வாங்குங்கள். "கூடுதல் அழுத்தம் தாங்கும்" என்று 1.3 போட்டதைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதினைந்து வருட ஹோஸ் அந்த அழுத்தத்தைத் தாங்காது.